உப்பிய பாக்கெட் சொல்லும் உயரம்

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் நீலகிரி மலை ரயில் புறப்படும்போது பிள்ளைகள் கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். குன்னூர் தாண்டும்போது அது விறைக்கத் தொடங்கும். ஊட்டியில் இறங்கும் நேரத்தில் காற்றடித்த தலையணை மாதிரி உப்பி நிற்கும், தட்டினால் தம்பட்டம் போல ஒலிக்கும். யாரும் அதற்குள் ஊதவில்லை. ஓட்டை எதுவும் இல்லாததால் வெளிக்காற்று உள்ளே நுழையவும் வழியில்லை. அப்படியானால் 46 கிலோமீட்டர் பயணத்தில் அந்தப் பாக்கெட்டுக்கு என்ன ஆயிற்று?

இதே புதிரைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் உள்ள கோல்முட் என்ற ஊருக்குப் போக வேண்டும். பெய்ஜிங்கிலிருந்து திபெத்தின் லாசாவுக்கு 3,757 கிலோமீட்டர் தூரம். ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஓடும் அந்த ரயில், இரண்டாவது இரவில் கோல்முட்டில் வந்து நிற்கிறது. வடக்கே உப்பு ஏரிகள், தெற்கே குன்லுன் மலைத்தொடர். கடல்மட்டத்திலிருந்து 2,800 மீட்டர் உயரம், அதாவது தொட்டபெட்டா சிகரத்தை விடவும் மேலே. மங்கோலிய மொழியில் கோல்முட் என்றால் ஆறுகள் என்று பொருளாம். ரயில் இங்கே இருபது நிமிடம் போல நிற்கும். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்குகிறவர் நாலு எட்டு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். பெட்டிக்குள் திரும்பினால், மேசைமேல் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் பாக்கெட் உப்பியிருக்கும்.

இது தொடக்கம்தான். கோல்முட்டிலிருந்து லாசா வரையுள்ள 1,142 கிலோமீட்டர் பாதை 2006 ஜூலை 1-ல் திறக்கப்பட்டது. அதில் 960 கிலோமீட்டர் தூரம் 4,000 மீட்டருக்கும் மேலே ஓடுகிறது. தங்குலா கணவாயில் தண்டவாளம் 5,072 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. உலகில் வேறெந்த ரயில் பாதையும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. அந்தக் கணவாயில் சில பாக்கெட்டுகள் வெடித்தே விடுவதுண்டு. பேனா மை கசியும். முகத்துக்குப் பூசும் கிரீமின் மூடியைத் திறந்தால் அது பிதுங்கிக்கொண்டு வெளியே வரும்.

பாக்கெட் ஏன் உப்புகிறது என்று தெரிய, கிராமத்து வைக்கோல்போரை நினைத்துக்கொள்ள வேண்டும். போரின் உச்சியில் இருக்கும் வைக்கோல் பொலபொலவென்று இருக்கும், கை வைத்தால் தானாக வரும். அடியில் இருப்பதோ மேலே உள்ள மொத்த வைக்கோலின் பாரத்தையும் தாங்கி இறுகிக் கிடக்கும். பிடுங்கினாலும் வராது. காற்றும் அப்படித்தான். நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டருக்குக் காற்று அடுக்கிக் கிடக்கிறது. கடற்கரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல், கட்டைவிரல் நகத்தளவு இடம் என்று வைத்துக்கொள்ளலாம், நிற்கும் காற்றின் எடை மட்டுமே ஏறத்தாழ ஒரு கிலோ. அடிக்காற்று அந்தப் பாரத்தில் நசுங்கி நெருக்கமாகிறது. மேலே போகப் போகப் பாரம் குறைகிறது, காற்றும் தளர்ந்து விலகுகிறது. சுமார் ஐந்தரை கிலோமீட்டர் உயரம் போனால் பூமியின் காற்றில் பாதி காலுக்குக் கீழே போய்விடும்.

பாக்கெட் சமவெளித் தொழிற்சாலையில் அடைக்கப்படுகிறது. அதன் உள்ளே இருக்கும் வாயு சமவெளியின் அழுத்தத்தோடு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளிக்காற்றும் அதே பலத்தோடு உள்ளே தள்ளுவதால் அங்கே எதுவும் தெரிவதில்லை. ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். கோல்முட்டில் அதுவும் குறைந்து எழுபது சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. தங்குலாவில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பாக்கெட்டுக்குள் எதுவும் கூடவில்லை. அதை இத்தனை நாள் அமுக்கிக்கொண்டிருந்த கை தளர்ந்திருக்கிறது.

இதைச் சொல்வது இன்று எளிது. காற்றுக்கு எடை உண்டு, அது மேலே போனால் குறையும் என்பதை மனிதர்கள் முதன்முதலில் எப்படி உறுதி செய்தார்கள்? 1644-ல் இத்தாலியின் தோரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்து வைத்ததைப் பற்றி எழுதினார். பாதரசம் முழுவதும் கீழே இறங்கிவிடாமல் முக்கால் மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. கிண்ணத்தின் மேல் அழுத்தும் காற்றின் பாரம்தான் அதைத் தாங்குகிறது என்றார் அவர். பலர் நம்பவில்லை.

பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் ஒரு வழி யோசித்தார். காற்றின் பாரம்தான் காரணம் என்றால் குழாயை மலைமேல் கொண்டுபோனால் பாதரசம் இறங்க வேண்டுமே? பாஸ்கல் இருந்தது பாரிஸில், உடம்பும் முடியாதவர். கிளெர்மோன் ஊரில் இருந்த தம் அக்கா கணவர் ஃபுளோரன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19 காலையில் பெரியே ஊர்ப் பெரியவர்கள் சிலரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பூய் தெ தோம் என்ற 1,465 மீட்டர் மலையில் ஏறினார். கிளம்புமுன் அவர் செய்த ஒரு காரியம் இன்றைய ஆய்வாளர்களும் போற்றத் தக்கது. அதே மாதிரி இன்னொரு குழாயை அடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் வைத்து, ஒரு பாதிரியாரை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். மலை உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது. தோட்டத்துக் குழாயோ அன்று முழுவதும் அசையவில்லை. வெயிலோ பருவமோ மாறியதால் வந்த வித்தியாசம் என்று யாரும் சொல்ல முடியாதபடி, மாறியது உயரம் ஒன்றுதான் என்பதைக் கீழே இருந்த குழாய் காட்டிக்கொடுத்தது. புயல் செய்தியில் காதில் விழும் ஹெக்டோபாஸ்கல் என்ற அளவில் இருப்பது அந்தப் பாஸ்கலின் பெயர்.

திபெத் ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், அதன் பெட்டிகள் விமானம் போலக் காற்றழுத்தம் ஏற்றப்பட்டவை என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பதற்கு மேசைமேல் இருக்கும் பாக்கெட்டே சாட்சி. பெட்டிக்குள் அழுத்தம் கூட்டப்பட்டிருந்தால் பாக்கெட் தங்குலா வரை உப்பிக்கொண்டே போகாது. விமானத்தின் உடல் ஒரு மூடிய உருளை, வானில் கதவு திறப்பதில்லை. அதற்குள் காற்றை அழுத்தி ஏற்றி, சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கிறவரின் நுரையீரல் அந்த இரண்டரை மணி நேரமும் ஏறத்தாழ ஊட்டியில்தான் இருக்கிறது. ரயில் பெட்டியின் கதவோ ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் திறக்கிறது. அதற்கு வேறு உபாயம் தேவைப்பட்டது. அதற்கு வருமுன் சுடுதண்ணீரைப் பார்த்துவிட வேண்டும்.

சீன ரயில்களில் பெட்டிக்கு ஒரு சுடுதண்ணீர்க் குழாய் உண்டு. பயணிகள் கப் நூடுல்ஸில் தண்ணீர் பிடித்து மூடி வைத்துச் சாப்பிடுவார்கள். கணவாயை நெருங்க நெருங்க நூடுல்ஸ் சரியாக ஊறுவதில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் சூடு போதவில்லை.

கொதிப்பது என்றால் என்ன? தண்ணீருக்குள் நீராவிக் குமிழ் பிறந்து, மேலே அழுத்தும் காற்றை எதிர்த்துத் தாக்குப்பிடித்து நிற்பது. காற்று பலமாக அழுத்தினால் நீராவிக்கும் கூடுதல் பலம் வேண்டும், அதற்குக் கூடுதல் சூடு வேண்டும். காற்றின் பிடி தளர்ந்தால் குறைந்த சூட்டிலேயே குமிழ் ஜெயித்துவிடும். கடலோரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடுகிறது. ஊட்டியில் சுமார் 93 டிகிரி, கோல்முட்டில் 90-ஐ ஒட்டி, லாசாவில் 88, தங்குலாவில் 83. கொதிக்கும் தண்ணீரை எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. எரிப்பதெல்லாம் ஆவியாகத்தான் போகும். மலைவாசிகளுக்குப் பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் ஆகாது என்பதன் காரணம் இதுதான். குக்கரின் மூடி, மலைமேல் இல்லாத அந்தக் காற்றுப் பாரத்தை அடுப்பின் மேல் உண்டாக்கித் தருகிறது. குக்கர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே திபெத்தியர் வேறு வழி கண்டிருந்தார்கள். பார்லியைச் சுடுமணலில் வறுத்து மாவாக்கிக்கொள்வார்கள், சம்பா என்று அதற்குப் பெயர். நம் நெற்பயிர்ச் சம்பாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வறுக்கும் மணலின் சூட்டுக்குத் தண்ணீரின் கொதிநிலை வரம்பு கட்ட முடியாது. தானியம் நன்றாக வெந்துவிடும். பிறகு வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து சாப்பிட வேண்டியதுதான்.

தண்ணீர் கொதிக்கும் சூட்டை அளந்தால் உயரத்தைச் சொல்லிவிடலாம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. லாசாவின் உயரத்தை அப்படி அளந்த ஒருவர் நம் நாட்டுக்காரர். குமாவுன் மலைகளில் மிலாம் என்ற ஊரில் பிறந்த நயின் சிங், இந்தியப் பெரும் முக்கோண நில அளவைப் பணிக்காக வேடம் மாறித் திபெத்துக்குள் நுழைந்து 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். 1802-ல் சென்னைப் பரங்கிமலையடியில் அளக்கத் தொடங்கியதே, அதே அளவைதான். அந்நியர் நுழையத் தடையிருந்த நாடு திபெத். கையில் இருந்த ஜெபமாலையில் நூறு மணிகள், வழக்கமான நூற்றெட்டு அல்ல. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளித் தூரத்தைக் கணக்கிட்டார். தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்த்து உயரத்தைக் குறித்தார். தேநீர்ப் பாத்திரத்தின் ஆவிக்குள் ஒரு நகரத்தின் உயரத்தை அளந்தவர் அவர். இந்தப் பாதையைப் பற்றிப் பேசும் எவரும் அவரை மறக்கக் கூடாது.

ரயில் பாதையின் ஓரத்திலும் ஒரு கொதிப்பு நடந்துகொண்டிருக்கிறது, பயணிகள் பலருக்குத் தெரிவதில்லை. குன்லுன் தாண்டியபின் தண்டவாளத்தின் இருமருங்கிலும் உலோகக் குழாய்கள் வேலிக்கால் நட்டது போல வரிசையாக நிற்கும். இந்தப் பாதையில் சுமார் 550 கிலோமீட்டர் தூரம், ஆண்டு முழுவதும் உருகாத பனி மண்ணோடு கலந்து இறுகிய தரைமேல் போகிறது. அதை உறைநிலம் எனலாம். உறைந்திருக்கும்வரை அது பாறை. உருகினால் சேறு. ரயிலின் பாரத்தில் தண்டவாளம் அமிழ்ந்துவிடும். உறைநிலத்தை உறைந்தபடியே வைத்திருக்கத்தான் அந்தக் குழாய்கள்.

வெப்பக்குழாய் என்று பெயர். முனைகள் மூடிய குழாய்க்குள் கொஞ்சம் அம்மோனியா திரவம். குளிர்காலத்தில் மேலே காற்று கடுங்குளிராக இருக்கும், அடியில் மண் அதைவிடக் கொஞ்சம் சூடு. அந்தச் சொற்பச் சூடே அம்மோனியாவைக் கொதிக்க வைக்கப் போதும். கொதித்து ஆவியாகும்போது மண்ணின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போகிறது, குளிர்காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகி மறுபடி கீழே வழிகிறது. கோடையில் மேற்பகுதி சூடாகிவிடுவதால் ஆவி குளிர்ந்து திரவமாக வழியில்லை. வேலை தானாக நின்றுவிடுகிறது, வெயிலின் சூடு கீழே இறங்குவதில்லை. மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல் குளிர்காலத்துக் குளிரை மட்டும் மண்ணுக்குள் சேமித்து வைக்கும் ஏற்பாடு இது. மண் மிகவும் நொய்ந்த இடங்களில் தரையை நம்பாமல் பாலத்தின் மேலேயே பாதையைக் கொண்டுபோய்விட்டார்கள். சிங்ஷுய் ஆற்றுப் பகுதியில் உள்ள பாலம் ஒன்றின் நீளமே 11.7 கிலோமீட்டர். அதன் அடியில் திபெத்திய மான்கள் கடந்து போகின்றன. புவி சூடேறிவரும் இந்தக் காலத்தில் குழாய்கள் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்பது பொறியாளர்களின் உண்மையான கவலை.

இனி மூச்சு. மலைமேல் ஆக்ஸிஜனின் சதவீதம் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். சதவீதம் எங்கும் ஒன்றுதான். மெரினாவிலும் கோல்முட்டிலும் தங்குலாவிலும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்ஸிஜன். சாம்பார் அதே சாம்பார், முருங்கைக்காயும் அதே விகிதத்தில்தான் மிதக்கிறது. கரண்டிதான் சிறியதாகிவிட்டது. தங்குலாவில் ஒரு தடவை மூச்சிழுத்தால் சமவெளியில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட ஆக்ஸிஜன்தான் உள்ளே போகும். மொத்த அழுத்தத்தில் ஆக்ஸிஜன் மட்டும் தருகிற பங்குக்குப் பகுதி அழுத்தம் என்று பெயர். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடுவது அதுதான்.

மலையில் வரும் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் அழுத்தம் குறைவது காரணமா, ஆக்ஸிஜன் குறைவது காரணமா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய சச்சரவு. பிரெஞ்சு உடலியல் அறிஞர் போல் பேர் இரும்பு அறைகளில் காற்றை உறிஞ்சி எடுத்துப் பறவைகளையும் பிற உயிரினங்களையும் வைத்துச் சோதித்தார், தானும் உள்ளே உட்கார்ந்து பார்த்தார். அழுத்தத்தைக் குறைத்தாலும் கூடுதல் ஆக்ஸிஜன் கொடுத்தால் உடம்பு தெளிந்தது. அழுத்தத்தைக் குறைக்காமல் ஆக்ஸிஜனை மட்டும் குறைத்தால் அதே தொல்லைகள் வந்தன. முடிவு தெளிவு: குறையிருப்பது ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தத்தில்.

அவருடைய முடிவுக்கு ஒரு துயரமான சாட்சியும் சேர்ந்தது. 1875 ஏப்ரல் 15 அன்று செனித் என்ற பலூனில் சிவெல், குரோசே-ஸ்பினெல்லி, திசாந்தியே மூவரும் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறினார்கள். ஆக்ஸிஜன் பைகள் கையெட்டும் தூரத்தில் இருந்தன. குழாயை எடுத்து வாயில் வைக்க வேண்டும் என்று தோன்றிய நேரத்தில் கையைத் தூக்க முடியவில்லை. பலூன் தரையிறங்கியபோது திசாந்தியே மட்டும்தான் உயிரோடு இருந்தார். கொண்டுபோகும் ஆக்ஸிஜன் போதாது என்று பேர் எழுதிய கடிதம் காலத்தில் வந்து சேரவில்லை. ஆக்ஸிஜன் குறைவின் மிகப் பெரிய ஆபத்து அதுவே: குறைகிறது என்று எச்சரிக்க வேண்டிய மூளையையே அது முதலில் மழுக்கிவிடுகிறது.

போல் பேர் கண்ட வழியைத்தான் ரயிலும் பின்பற்றுகிறது. அழுத்தத்தைக் கூட்டாமல், காற்றிலிருந்தே பிரித்தெடுத்த ஆக்ஸிஜனைப் பெட்டிக்குள் கலந்துவிட்டு அதன் விகிதத்தை உயர்த்துகிறார்கள். கரண்டி சிறியதுதான், முருங்கைக்காயைக் கொஞ்சம் அதிகம் போட்டாயிற்று. உயரவாழ்வு மருத்துவத்தில் முன்னோடியான ஜான் வெஸ்ட் போட்ட கணக்குப்படி அறைக்காற்றில் ஆக்ஸிஜன் ஒரு சதவீதம் கூடினால், உடம்புக்கு 300 மீட்டர் கீழே இறங்கிய பலன். 21-ஐ 24 ஆக்கினால் தங்குலாவில் இருப்பவரின் உடம்பு சுமார் 900 மீட்டர் கீழே இருப்பதாக உணரும். அதற்கும் மேல் தேவைப்படுகிறவர்களுக்கு இருக்கை அருகிலும் பெர்த் அருகிலும் தனித் துளைகள் உண்டு, மூக்குக்குழாயைச் செருகிக்கொள்ளலாம். கோல்முட் தாண்டிய பிறகு புகைபிடிக்கவே கூடாது என்ற கண்டிப்பான விதி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்ஸிஜன் கூடிய காற்றில் தீ சட்டென்று பற்றும்.

மூச்சு முட்டுவது மனிதருக்கு மட்டுமில்லை. டீசல் எஞ்சினும் காற்றை இழுத்துத்தான் எரிகிறது. 2006-ல் கோல்முட்-லாசா பாதைக்கென்றே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 78 எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போல வேலை செய்யும் டர்போ சார்ஜர் மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. அப்படியும் சமவெளியில் காட்டும் பலம் மேலே வராது என்பதால் எஞ்சின்களை இரண்டிரண்டாகக் கோத்தார்கள். கோல்முட்டில் ரயில் அவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணமாக இருந்தது, அங்கே இந்த டீசல் எஞ்சின்களுக்கு மாறியதுதான். வழியில் முன்னதாக வரும் ஷினிங் நகரிலிருந்து கோல்முட் வரை பாதை 2011-லேயே மின்மயமாகிவிட்டது. ரயிலுக்கு நுரையீரல் மாற்றும் ஊர் கோல்முட் என்றால் மிகையாகாது.

எஞ்சினுக்கு இருபது நிமிடம் போதும். மனித உடம்புக்கு?

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரல்நுனியில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டரை யாரும் மறந்திருக்க முடியாது. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்பதை அது காட்டுகிறது. சமவெளியில் 97, 98. காற்றில் ஆக்ஸிஜன் குறையும்போது இந்த எண் சீராகக் குறைவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மாட்டு வண்டி ஒரு மேட்டில் கிட்டத்தட்டச் சமதளமாகப் போய்க்கொண்டிருந்து, விளிம்பு வந்ததும் சரிவில் உருளுவது போன்றது அதன் போக்கு. ஏறக்குறைய 3,000 மீட்டர் வரை எண் மெல்லத்தான் இறங்கும், 90-ஐ ஒட்டி நிற்கும். அதன்பின் ஒவ்வொரு ஐந்நூறு மீட்டரும் முன்னைவிட அதிகமாகப் பறித்துக்கொள்ளும். பழகாத உடம்போடு 5,000 மீட்டரில் நிற்பவருக்கு எண் எண்பதுக்குக் கீழே போவது அதிசயமில்லை.

கோல்முட் அந்த மேட்டின் விளிம்பில் இருக்கிறது. இந்த ஊரின் முக்கியத்துவம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

விளிம்பில் உடம்பு என்ன செய்யும்? உடனே செய்யக்கூடியது வேகமாக மூச்சு விடுவது. அதில் ஒரு சிக்கல் உண்டு. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. மூளையின் மூச்சுக் காவல் மையம் கவனிப்பது பெரும்பாலும் இந்தக் கரியமில வாயுவைத்தான். அது குறைந்ததும் போதும், நிறுத்து என்று கட்டளை போடுகிறது. உள்ளே ஆக்ஸிஜன் போதாதென்று ஒரு குரல், கரியமில வாயு குறைந்துவிட்டதென்று இன்னொரு குரல். முதல் இரவில் தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, திடுக்கென்று பெருமூச்சோடு விழிப்பது இந்த இழுபறியால்தான். தீர்த்து வைப்பது சிறுநீரகம். கூடுதலான காரத்தைப் பைகார்பனேட்டாகப் பிரித்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. உயரத்துக்குப் போன புதிதில் அடிக்கடி சிறுநீர் வருவது நல்ல அறிகுறி என்று மலையேறிகள் சொல்வது அனுபவ ஞானம். சிறுநீரகம் இந்த வேலையை முடிக்க மணிக்கணக்கு போதாது, நாட்கள் ஆகும். மலைப்பயணத்தின் அட்டவணையை எழுத வேண்டியது அதுதான், ரயில்வே இல்லை. புதிய சிவப்பணுக்கள் கூடுவதற்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த அவகாசம் கிடைக்காத உடம்பில் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை வந்து சேரும். உயர நோய் என்பது அதுதான். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அரிதாக நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, உடனே கீழே இறக்குவதுதான் முதல் சிகிச்சை. இளைஞர், உடற்பயிற்சி செய்கிறவர் என்பதெல்லாம் இதற்குக் காப்பு இல்லை.

திபெத்தியர் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பழகிப்போனது என்று மட்டும் சொன்னால் போதாது. 2010-ல் வெளியான மரபணு ஆய்வுகள், ஈபாஸ்-1 என்ற மரபணுவின் ஒரு தனி வடிவம் திபெத்தியரில் மிகப் பெரும்பாலோரிடமும், சீனச் சமவெளி ஹான் மக்களில் வெகு சிலரிடமும் இருப்பதைக் காட்டின. சமவெளிக்காரரின் இரத்தம் உயரத்தில் நீண்ட காலம் இருந்தால் சிவப்பணு கூடித் தடித்துக் குழம்பாகிவிடக்கூடும். இந்த வடிவம் அதைத் தடுக்கிறது. அது டெனிசோவன்கள் என்ற, இன்று அழிந்துபோன மனித இனத்திடமிருந்து கலப்பால் வந்தது என்று 2014-ல் தெரியவந்தது. திபெத்தியப் பீடபூமியின் வடகிழக்கு ஓரத்தில் 3,280 மீட்டர் உயரத்துக் குகையொன்றில் 1980-ல் ஒரு துறவி கண்டெடுத்த தாடை எலும்பு, குறைந்தது 1,60,000 ஆண்டு பழைய டெனிசோவனுடையது என்று 2019-ல் அறிவித்தார்கள். உயரத்தில் மூச்சுவிடும் வித்தை அத்தனை பழைய சொத்து. அதை இருபது நிமிடத்தில் யாரும் வாங்கிவிட முடியாது.

மருத்துவர்களின் பொது வழிகாட்டல் எளியது. 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். கோல்முட்டில் இறங்காமல் போகிறவர் பதினான்கு மணி நேரத்தில் தங்குலாவையும் தாண்டி லாசாவில் போய்ப் படுக்கிறார். பெட்டியின் ஆக்ஸிஜன் வழித்துணையாக வரும், லாசா ஸ்டேஷன் வாசலோடு விடைபெற்றுவிடும். எனவே ஊர் பார்க்கும் ஆசையில் நாளை மிச்சப்படுத்த நினைக்காமல், 2,275 மீட்டரில் இருக்கும் ஷினிங்கில் ஓர் இரவும் கோல்முட்டில் இரண்டு இரவும் தங்கிப் போவதுதான் அறிவு. சிறுநீரகத்துக்கு அது தரும் அவகாசத்துக்கு ஈடான வசதி எந்த உயர்வகுப்புப் பெட்டியிலும் கிடையாது.

லாசாவுக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டிலிருந்து இப்போது ஏராளமானோர் போகும் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம், இடையில் கோல்முட் போல நிறுத்தி ஆசுவாசப்படுத்த ஊர் எதுவும் கிடையாது. போகிறவர்கள் முதல் இரண்டு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் அறையிலேயே கழியுங்கள். இருதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் டிக்கெட் எடுக்குமுன் மருத்துவரைப் பாருங்கள். தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள்.